எட்டு மேசைக்கு ஒரு கணினி: சிறு கிளினிக்குகளுக்குத் தின் கிளையண்ட் ஓர் அறிமுகம்

பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு கிளினிக்கில் எட்டுக் கணினிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பில் இரண்டு, மருத்துவர்களின் அறைகளில் மூன்று, செவிலியர் மேசையில் ஒன்று, ஆய்வகத்தில் ஒன்று, பில் போடும் இடத்தில் ஒன்று. எட்டும் வெவ்வேறு சமயங்களில் வாங்கியவை; எட்டுக்கும் எட்டு விதமான நோய். முதல் நோயாளி வந்து நிற்கும் நேரம் பார்த்து ஒன்று அப்டேட்டை ஆரம்பிக்கும். இன்னொன்றின் கண்ணுக்குப் பிரிண்டர் தெரியாது. மூன்றாவதில் பரிசோதனை முடிவுகள் டெஸ்க்டாப்பிலேயே கோப்புகளாகக் குவிந்து கிடக்கும். அந்தக் கணினி பழுதானால் அவையும் போய்விடும். திருடு போனால் நிலைமை இன்னும் மோசம்.

இப்படிப்பட்ட இடத்தில் யாராவது ஒருவர், “தின் கிளையண்ட் போட்டுவிடுங்கள், மலிவாக முடிந்துவிடும்” என்று சொல்லியிருப்பார். இந்த ஆலோசனை பாதிதான் சரி. தின் கிளையண்ட் என்பது மேசைமேல் வைக்கும் ஒரு சிறு பெட்டி; அது உண்மையிலேயே மலிவு. ஆனால் அந்தப் பெட்டி தானாக எந்த வேலையும் செய்யாது. வேலை முழுவதும் வேறோர் இடத்தில், சர்வர் என்ற பொதுக் கணினியில் நடக்கிறது. அந்த இடத்துக்குச் செலவு செய்யத் தயாராக இல்லாவிட்டால் பெட்டியில் மிச்சம் பிடித்து ஒரு பயனும் இல்லை.

வழக்கமான கணினியில் மென்பொருள் அதன் உள்ளேயே ஓடுகிறது, கோப்பும் அதன் உள்ளேயே இருக்கிறது. தின் கிளையண்ட் வேலை செய்யும் ரிமோட் டெஸ்க்டாப் முறையில் இரண்டும் சர்வரில் இருக்கின்றன. மருத்துவர் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டுகிறார். அந்தத் தட்டல் மட்டும் கேபிள் வழியாகச் சர்வருக்குப் போகிறது. அங்கே ஓடும் மென்பொருள் அந்த எழுத்தைப் பதிவு செய்கிறது. அதனால் திரையில் எந்தப் பகுதி மாறியதோ, அந்தப் பகுதியின் படத்தை மட்டும் சர்வர் சுருக்கித் திருப்பி அனுப்புகிறது. மேசைமேல் இருக்கும் சிறு பெட்டி அதை விரித்து மானிட்டரில் வரைகிறது. கண் இமைப்பதற்குள் இவ்வளவும் முடிந்துவிடுவதால், எல்லாம் கண்முன் இருக்கும் கணினியிலேயே நடப்பதாகத் தோன்றும். நோயாளியின் கோப்பு மேசைக்கு வருவதே இல்லை, அதன் படம்தான் வருகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், தின் கிளையண்டின் எல்லா நன்மைகளும் எல்லாத் தொல்லைகளும் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கிவிடும்.

சர்வரில் நுழையும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு டெஸ்க்டாப் கிடைக்கும். அதற்குச் செஷன் என்று பெயர். எட்டுப் பேர் நுழைந்தால் ஒரே இயந்திரத்தில் எட்டுச் செஷன்கள். ஒருவர் திறந்து வைத்திருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் ரேமையும் பிராசஸரையும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

இதில் புதுமை எதுவும் இல்லை. பெருங்கணினிகளின் காலத்தில் அவற்றை வைத்திருந்த அலுவலகங்கள் பலவும் இப்படித்தான் இயங்கின. ஐபிஎம் 3270 டெர்மினல்கள் 1971-இல் வந்தவை. விண்டோஸ் உலகுக்கு மைக்ரோசாஃப்ட் இதை 1998-இல் விண்டோஸ் என்டி 4.0-இன் டெர்மினல் சர்வர் பதிப்பாகக் கொண்டுவந்தது. பெட்டியும் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழியை ஆர்டிபி என்கிறார்கள்.

ஒரு கிளினிக்குக்கு இதனால் என்ன லாபம்? எனக்குத் தெரிந்து மருத்துவர்கள் முதலில் மயங்குவது பணக் கணக்கில் அல்ல, வேறொன்றில். மருத்துவர் முதல் அறையில் ஒரு நோயாளிக்கான குறிப்பைப் பாதி எழுதியிருக்கிறார். பக்கத்து அறையில் ஊசி போட்ட குழந்தைக்குத் தலைசுற்றல் என்று செவிலியர் கூப்பிடுகிறார். எழுந்து போய், அந்த அறையின் பெட்டியில் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால், முதல் அறையில் விட்ட அதே திரை அப்படியே வந்து நிற்கும். மருந்தின் பெயரில் நான்காவது எழுத்துக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தால், இங்கேயும் அதே இடத்தில் துடிக்கும். முதல் அறையின் திரை அந்த நொடியே அவருடைய செஷனிலிருந்து விலகிவிடும். அங்கே காத்திருக்கும் நோயாளி எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. செஷன் பெட்டியில் இல்லை, சர்வரில் இருக்கிறது என்பதன் நேரடிப் பலன் இது.

அடுத்த லாபம் பராமரிப்பு. மருத்துவ மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் இரவில் சர்வரில் ஒருமுறை நிறுவினால் போதும், காலையில் எட்டு மேசையிலும் அதுதான் இருக்கும். பெட்டி ஒன்று கெட்டுப்போனால், அலமாரியிலிருந்து மாற்றுப் பெட்டியை எடுத்து நான்கு கேபிள்களைச் செருகினால் வேலை தொடரும். திருடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் அவன் கையில் கிடைப்பது ஒரு பிளாஸ்டிக் டப்பாதான், ஒரு நோயாளியின் பெயர்கூட அதில் இருக்காது.

மேசைமேல் வைக்கும் பெட்டி

தின் கிளையண்ட் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஒரு தடித்த புத்தகத்தின் அளவில் இருக்கும். பலவற்றில் மின்விசிறியே கிடையாது. சத்தமும் இல்லை, தூசியை உள்ளே இழுப்பதும் இல்லை. சாதாரண வேலைக்கு இவை குடிக்கும் மின்சாரம் பத்து வாட்டை ஒட்டியே இருக்கும். மானிட்டரின் முதுகில் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு துளைகள் இருந்தால் பெட்டியை அங்கேயே திருகி மாட்டிவிடலாம். நோயாளியும் துணைக்கு வந்தவரும் செவிலியரும் நெருங்கி நிற்கும் அறையில் இது சிறிய வசதி அல்ல.

டெல், எச்பி போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே பெட்டிகள் செய்கின்றன. அவை வேண்டாம் என்றால் ராஸ்பெர்ரி பை 4 அல்லது 5 பலகையை ஓர் உறையில் போட்டு, லினக்ஸும் ரெமினா என்ற இலவச மென்பொருளும் நிறுவிப் பயன்படுத்தலாம். இரண்டு மானிட்டர்களை அவற்றில் இணைக்க முடியும். எல்லாவற்றையும்விட மலிவான வழி, கையில் இருக்கும் பழைய கணினிகளையே தின் கிளையண்டாக மாற்றுவது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளைத் தூக்கிப் போடத் தேவையில்லை. வன்தட்டில் உள்ளதை முழுவதுமாக அழித்துவிட்டு, எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவினால் திரையை வரைந்து காட்டும் வேலையை அவை இன்னும் சில ஆண்டுகளுக்குச் செய்யும். மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், பெட்டியும் பெரிது. ஆனால் முதல் ஆண்டுக்கு என் வாக்கு இதற்குத்தான்.

பழைய தின் கிளையண்டுகளை இரண்டாம் கையாக வாங்க நினைப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு இன்னும் மென்பொருள் புதுப்பிப்புகள் தருகிறாரா என்று பார்க்க வேண்டும். டிஎல்எஸ் 1.2 என்ற மறைகுறியாக்க முறை தெரியாத பழம்பெட்டியை இன்றைய சர்வர் வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும். மானிட்டர் துளைகள் எந்த வகை, பவர் அடாப்டர் கூடவே வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடாப்டர் இல்லாமல் வாங்கிவிட்டு அதைத் தேடி அலைவது இந்தச் சந்தையில் வழக்கமான கூத்து.

சர்வரும் உரிமமும்

எட்டுப் பேர் மருத்துவப் பதிவு, மின்னஞ்சல், பிரவுசர், ஆவணங்கள் என்று வேலை செய்தால் ஒருவருக்கு இரண்டு முதல் நான்கு ஜிபி ரேம் என்று கணக்கு வைக்கலாம். பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைப்பவர் நான்கையும் தின்றுவிடுவார். இயங்குதளத்துக்கும் சேர்த்து 32 ஜிபி என்பது நியாயமான தொடக்கம். எட்டுக் கோர்கள் உள்ள பிராசஸர் போதும். சேமிப்பகம் கட்டாயம் எஸ்எஸ்டியாக இருக்கட்டும், இரண்டு ஒன்றுக்கொன்று நகலாக ஓடட்டும். பெட்டிகளில் மிச்சம் பிடித்த பணம் போக வேண்டிய இடம் இதுதான். சர்வர் மந்தமானால் எட்டு மேசையும் ஒரே நேரத்தில் மந்தமாகும். முன்பு ஒருவர் திட்டியதை இப்போது எட்டுப் பேர் திட்டுவார்கள்.

புதியவர்கள் இடறி விழுவது உரிமத்தில். விண்டோஸ் புரொஃபெஷனல் பதிப்பிலும் ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறதே, நல்ல கணினி ஒன்றை வாங்கி எட்டுப் பேரும் அதில் நுழைந்தால் என்ன என்று தோன்றும். அந்தப் பதிப்பு ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே அனுமதிக்கும். இரண்டாமவர் நுழைந்தால் முதலாமவர் வெளியேற வேண்டும். இந்தத் தடையை உடைக்கும் சிறு மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவை உரிம மீறல், அதோடு அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் படுத்துவிடும் சாத்தியமும் உண்டு. நோயாளிகளின் பதிவை அவற்றை நம்பி வைப்பது தகாது.

முறையான வழி விண்டோஸ் சர்வரும் அதில் ரிமோட் டெஸ்க்டாப் சேவையும். சர்வருக்கு ஓர் உரிமம், அதை அணுகுவதற்கு ஓர் உரிமம், ரிமோட் டெஸ்க்டாப்பாக அணுகுவதற்கு இன்னோர் உரிமம் என்று மூன்று அடுக்குகள் உண்டு. பின்னிரண்டையும் ஆளுக்கு ஒன்று என்றோ சாதனத்துக்கு ஒன்று என்றோ வாங்கலாம். ஒரே வரவேற்பு மேசையில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று மாறிமாறி உட்கார்ந்தால் சாதனக் கணக்கு லாபம். ஒரே மருத்துவர் மூன்று அறைகளிலும் வீட்டிலிருந்தும் நுழைந்தால் ஆள் கணக்கு லாபம். ஒரு காகிதத்தில் மேசைகளையும் ஆட்களையும் எழுதிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. ரிமோட் டெஸ்க்டாப் உரிமங்களைப் போடாவிட்டாலும் சர்வர் 120 நாட்கள் வரை மறுக்காமல் வேலை செய்யும். நான்கு மாதங்கள் எல்லாம் நன்றாகப் போகும். நிறுவிக் கொடுத்தவரும் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார். அப்புறம் ஒரு காலையில் யாராலும் உள்ளே போக முடியாது. வேலையை ஒப்படைக்கும் நாளிலேயே உரிமங்கள் பதிவாகியிருப்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

லினக்ஸ் சர்வரில் இந்த உரிமத் தொல்லைகள் இல்லை. எக்ஸ்ஆர்டிபி போன்ற இலவச வழிகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் மருத்துவ மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவது என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. எதையும் வாங்குவதற்கு முன் அந்த மென்பொருள் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது இதுதான்: ஒரே சர்வரில் பலர் ஒரே நேரத்தில் உங்கள் மென்பொருளை ஓட்டினால் ஆதரவு தருவீர்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகச் செயலிகளுக்கும் இதே கேள்வி உண்டு. மைக்ரோசாஃப்ட் 365-இன் சில திட்டங்கள் மட்டுமே பலர் பகிரும் சர்வரில் நிறுவ அனுமதிக்கின்றன.

பிரிண்டர், ஸ்கேனர், இன்னபிற

உண்மையான தலைவலி இங்கேதான். மென்பொருள் ஓடுவது சர்வரில். லேபிள் பிரிண்டர் இருப்பதோ ஆய்வக மேசையில். சர்வருக்கு அந்தப் பிரிண்டர் எப்படித் தெரியும்? யுஎஸ்பி கேபிளில் பெட்டியோடு இணைத்திருந்தால் பெட்டி அதைச் சர்வருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சில பெட்டிகள் ஒழுங்காகச் சொல்லும், சில சொல்லாது. சாதாரண ஏ4 பிரிண்டரில் பெரும்பாலும் பிரச்சினை வராது. இரத்தக் குப்பியில் ஒட்டும் சிறிய லேபிளை அடிக்கும் பிரிண்டரில் வரும்: பார்கோடு அரை அங்குலம் தள்ளி விழும், அல்லது ஸ்கேனர் படிக்க முடியாத அளவுக்குச் சுருங்கி விழும். முடிந்தவரை பிரிண்டர்களை நெட்வொர்க்கில் நேரடியாக இணைத்து, தனித்தனி நிலையான முகவரி கொடுத்து, சர்வரிலேயே நிறுவிவிடுவது பாதுகாப்பான வழி.

அறை மாறும் மருத்துவருக்கு இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. செஷன் கூடவே வருகிறது என்று மேலே மகிழ்ந்தோம். முதல் அறையின் பிரிண்டரும் கூடவே வருகிறது. மூன்றாம் அறையில் உட்கார்ந்து மருந்துச் சீட்டை அச்சிட்டால் அது முதல் அறையில் வந்து விழும், அங்கே வேறொரு நோயாளி இருப்பார். இது வெறும் எரிச்சல் அல்ல, ஒருவருடைய மருத்துவ இரகசியம் இன்னொருவர் கைக்குப் போகிறது. எந்தப் பெட்டியிலிருந்து நுழைகிறாரோ அதற்கேற்ப இயல்பான பிரிண்டர் மாறும்படி அமைக்க வழி உண்டு. அதைச் செய்து காட்டாமல் வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பார்கோடு படிக்கும் கருவிகள் பெரும்பாலும் விசைப்பலகையைப் போலவே நடந்துகொள்வதால் தொல்லை தராது. ஆவண ஸ்கேனர் தரும். பெரிய படங்களை யுஎஸ்பி வழியாகச் சர்வருக்குத் தள்ளுவது மெதுவான வேலை. ஸ்கேன் செய்ததை நெட்வொர்க் கோப்புறைக்கு நேராக அனுப்பும் ஸ்கேனர் இருந்தால் அதையே எடுங்கள். ஈசிஜி கருவிக்கும் காணொளி ஆலோசனைக்கும் வழக்கமான முழுக் கணினி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. எட்டு மேசையும் தின் கிளையண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

எக்ஸ்ரே படங்களை இந்தத் திரையில் பார்க்கலாமா? நோயாளிக்குக் காட்டி விளக்க, ஒரு பார்வை பார்க்க, தாராளமாக. நோயை முடிவு செய்யும் வாசிப்புக்குக் கூடாது. அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. மெல்லிய சாம்பல் வேறுபாடுகள் வழியில் தொலையக்கூடும். அந்த வேலைக்கு அளவுதிருத்தம் செய்த மானிட்டரும் அதற்குரிய கணினியும் வேண்டும்.

கதவைத் திறந்து வைக்காதீர்கள்

வீட்டிலிருந்தும் நுழைய வேண்டும் என்று மருத்துவர் கேட்பார். அவசரத்தில் யாராவது ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவார்கள். ஆர்டிபியின் வழக்கமான வாசல் அது. அந்த எண்ணைத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிரல்கள் இணையத்தில் ஓயாமல் ஓடுகின்றன; கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் இந்த வழியாகவே பலமுறை உள்ளே வந்திருக்கின்றன. 2019 மே மாதம் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பாஸ்வேர்டு கூடத் தேவையில்லாமல் நுழையலாம் என்ற நிலை. ஆதரவு முடிந்து பல ஆண்டுகளான விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்பதிலிருந்தே அதன் தீவிரத்தை ஊகிக்கலாம். போர்ட் எண்ணை மாற்றி வைப்பது பாதுகாப்பு ஆகாது. விபிஎன் என்ற மறைகுறியாக்கிய தனிப்பாதை வழியாகவோ, ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே என்ற காவல் சர்வர் வழியாகவோ மட்டுமே வெளியிலிருந்து நுழைய வேண்டும். பாஸ்வேர்டோடு கைப்பேசியில் வரும் இரண்டாம் உறுதிப்படுத்தலும் இருக்க வேண்டும்.

உள்ளேயும் சில ஒழுங்குகள் தேவை. ‘வரவேற்பு’ என்ற ஒரே பெயரில் மூன்று பேர் நுழைவது வசதிதான், ஆனால் ஒரு பதிவை யார் திருத்தினார் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆளுக்கொரு பெயர் கட்டாயம். சர்வரிலிருந்து வீட்டுக் கணினிக்குக் கோப்பை நகலெடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அதைத் திறந்து விட்டால் பதிவுகள் கட்டடத்தை விட்டு வெளியேறாது என்ற பெருமை போய்விடும்.

தொட்டி காய்ந்தால்

மாடித் தொட்டி காய்ந்தால் வீட்டில் எந்தக் குழாயிலும் தண்ணீர் வராது. சர்வரும் அப்படித்தான். முன்பு ஒரு கணினி கெட்டால் ஒரு மேசை நின்றது, இப்போது சர்வர் நின்றால் கிளினிக்கே நிற்கும். சர்வருக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் யுபிஎஸ் வேண்டும். சுவிட்சை மறப்பவர்கள்தான் அதிகம். இரண்டு எஸ்எஸ்டிகள் நகலாக ஓடுவது பேக்கப் ஆகாது: தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். தனியாக ஒரு பேக்கப் தினமும் எடுக்கப்பட வேண்டும், அதில் ஒன்று கட்டடத்துக்கு வெளியே, நெட்வொர்க்கோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதிலிருந்து உண்மையிலேயே மீட்டுப் பார்க்க வேண்டும். சர்வர் திரும்பி வரும்வரை எழுதுவதற்கு அச்சிட்ட படிவங்கள் ஒரு கட்டு வரவேற்பு மேசையின் இழுப்பறையில் இருக்கட்டும்.

சர்வரைச் சொந்தமாக வைக்காமல் மாத வாடகைக்கு எடுக்கலாம். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 365, அமேசானின் வொர்க்ஸ்பேஸஸ் போன்றவை அப்படிப்பட்டவை. இயந்திரத்தைப் பராமரிக்கும் கவலை குறையும், ஆனால் இணையம் போனால் எல்லாம் போகும். எழுத்து வேலைக்கு ஒரு செஷனுக்குச் சில நூறு கிலோபிட் வேகமே போதும். வேகத்தைவிட முக்கியம் தாமதம். சர்வருக்குப் போய்த் திரும்ப 50 மில்லிசெகண்டுக்குள் ஆனால் வித்தியாசமே தெரியாது. 150-ஐத் தாண்டினால் தட்டிய எழுத்து பின்தங்கி வந்து கையைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும்.

சிலருக்கு இந்த ஏற்பாடே தேவையில்லை. உங்கள் மருத்துவ மென்பொருள் முழுவதும் பிரவுசரில் ஓடுவதாக இருந்தால் வேலை ஏற்கெனவே வேறோர் இடத்துச் சர்வரில்தான் நடக்கிறது. அதற்குமுன் இன்னொரு சர்வரை நிறுத்துவது வீண். பிரவுசர் ஓடும் எளிய கணினிகளே போதும். இரண்டு மூன்று கணினிகள் மட்டுமே உள்ள இடத்திலும் சர்வர் செலவும் உரிமச் செலவும் கட்டுப்படியாகாது. ஐந்தாறு மேசைகளுக்கு மேல், விண்டோஸில் நிறுவி ஓட்டும் மென்பொருள், அறை மாறும் மருத்துவர்கள் என்று மூன்றும் சேர்ந்தால் மட்டும் இறங்கிப் பாருங்கள்.

இறங்குவதானால் எட்டுப் பெட்டிகளையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். பழைய கணினி ஒன்றைத் தின் கிளையண்டாக மாற்றி, இருப்பதிலேயே சிக்கலான மேசையில் வையுங்கள். பெரும்பாலான கிளினிக்குகளில் அது லேபிள் பிரிண்டரும் பார்கோடு கருவியும் இருக்கும் ஆய்வக மேசைதான். கூட்டம் அதிகமான நாட்களும் சேர்ந்து வரும்படி இரண்டு வாரம் ஓடட்டும். குப்பியில் ஒட்டிய லேபிளைக் கருவி முதல் முயற்சியிலேயே படிக்கிறது என்றால் அடுத்த மேசைக்குப் போகலாம்.